தோட்டத்துச் செட்டில் வைக்கும் மிஷினும் சாமானும் களவு போகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்ப்பழனி மலையில் புல் வெட்டும் மிஷின், மருந்தடிக்கும் மிஷின், மரம் அறுக்கும் மிஷின் எல்லாவற்றையும் ரிப்பேர் பார்க்கிற பட்டறை எனக்கு. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர்ப் பக்கமிருந்து ஆட்கள் வருவார்கள். பாதிப் பேர் ரிப்பேருக்கு வருகிறார்கள். மீதிப் பேர் "என் மிஷின் இங்க வந்துச்சா?" என்று கேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்டதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

அண்ணே, நல்ல பூட்டாத்தான் போட்டிருந்தேன். அப்புறமும் எப்படிப் போச்சு?

பூட்டைக் கொண்டுவந்து காட்டச் சொன்னால், பெரும்பாலும் அது ஒரு கீறல் இல்லாமல் இருக்கும். பூட்டிய பூட்டு பூட்டியபடியே, கொண்டியோடு சேர்ந்து கழன்று வந்திருக்கும். பூட்டுக்கு எண்ணூறு ரூபாய் செலவு செய்தவர் கொண்டிக்கு முப்பது ரூபாய் செலவு செய்து, அதையும் நாலு சின்ன ஸ்க்ரூவில் நிறுத்தியிருப்பார். நம் பக்கம் காப்பித் தோட்டத்து நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கை அறுத்துத்தான் செட்டுக் கதவு செய்கிறோம். அது மென்மையான மரம். இரண்டு மழைக்காலம் நனைந்து காய்ந்த பிறகு ஸ்க்ரூ அதில் நிற்காது. கடப்பாரை நுனியை விட்டு ஒரு நெம்பு, அவ்வளவுதான்.

கொண்டியைக் கதவில் ஊடுருவி நிற்கிற போல்ட்டால் மாட்டுங்கள். நட்டு உள்பக்கம் இருக்க வேண்டும், அதற்கு அடியில் அகலமான வாசர் அல்லது ஒரு தகட்டுத் துண்டு வைக்க வேண்டும். பூட்டிய நிலையில் போல்ட் தலைகள் கொண்டிக்கு அடியில் மறைகிற மாதிரியான கொண்டியாகப் பார்த்து வாங்குங்கள். நிலையில் இருக்கும் வளையத்துக்கும் இதையே செய்ய வேண்டும். கீலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கீல் வெளிப்பக்கம் இருந்தால் அதன் ஊசியைத் தட்டி எடுத்துக் கதவையே கழற்றி வைத்துவிடலாம். ஊசியின் தலையில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் அந்தக் கவலை போய்விடும்.

அப்போ பூட்டு எதுவா இருந்தாலும் பரவாயில்லையா?

அப்படியும் இல்லை. கொண்டி சரியானதும் அடுத்து பூட்டின் வளைவுக் கம்பிதான் பலவீனமான இடம். கடினப்படுத்திய எஃகுக் கம்பி உள்ள பூட்டாக வாங்குங்கள், கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடைவெளி குறைவாக இருக்கட்டும். போல்ட் கட்டரின் வாய் நுழைய இடம் இருக்கக் கூடாது. இத்தனை லீவர் (பூட்டுக்குள் சாவி தூக்குகிற தகடு) என்று கடையில் சொல்வது கள்ளச்சாவி போடுவதைக் கடினமாக்கும். ஆனால் மலையில் கள்ளச்சாவி போட்டுத் திறக்கிற பொறுமைசாலிக் களவாணியை நான் பார்த்ததில்லை.

கீழே இறங்கினால் திண்டுக்கல். கையால் செய்கிற திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குகிறவர்கள் உண்மையான கைவேலைப் பூட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஊர்ப்பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி.

மழைக்காலத்துல பூட்டு பிடிச்சுக்குது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து பூட்டுக்குள்ளேயே கட்டியாகிவிடும். என்ஜின் ஆயிலும் கூடாது, தூசியைப் பிடித்துப் பசையாகும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடலாம், அல்லது பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியில் தடவி உள்ளே விடலாம். ஒன்றோடொன்றைக் கலக்க வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை நறுக்கிப் பூட்டுக்கு மேல் மழைத்தொப்பி மாதிரி ஆணியடித்துத் தொங்கவிட்டால் பாதித் துரு குறையும். திறக்க முடியாத பூட்டு ஆபத்தானது, ஏனென்றால் சலித்துப்போய் நாமே பூட்டாமல் போக ஆரம்பித்துவிடுவோம்.

செட்டுச் சுவர் கருங்கல்லு, கதவு இரும்பு. இன்னும் என்ன வேணும்?

மேலே பாருங்கள். தகரத்தைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டின் (கொக்கி மாதிரி வளைந்த போல்ட்) நட்டு வெளிப்பக்கம்தான் இருக்கிறது. ஒரு ஸ்பேனர் போதும், ஒரு தகரத்தைக் கழற்றி இறங்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை தகரத்தில் அடிக்கும்போது பக்கத்து வீட்டுக்கும் சத்தம் கேட்காது, கரண்டும் இருக்காது. களவு அந்த மாதங்களில் அதிகம் என்று சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் என் பட்டறைக்கு அழுத முகத்தோடு வருகிறவர்கள் அப்போதுதான் வருகிறார்கள்.

நட்டை முறுக்கிய பிறகு அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை உளியால் நசுக்கிவிடுங்கள், ஸ்பேனருக்கு அசையாது. நாளைக்குத் தகரம் மாற்றும்போது நமக்கும் கஷ்டம்தான், அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். செலவு செய்ய முடிகிறவர்கள் தகரத்துக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் இரும்புச் சட்டத்தோடு கம்பிவலையை வெல்டிங் செய்துவிடலாம்.

எல்லாத்தையும் செட்டுலயே வைக்கலாமா, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணுமா?

ஒரு ஆள் ஒரு கையில் தூக்கி, பைக்கில் வைத்து, வத்தலக்குண்டில் ஒரே நாளில் விற்றுவிடக்கூடியது எதுவோ அது வீட்டுக்கு. புல் வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் மிஷின், முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயர், கிரைண்டர், ட்ரில், மோட்டார் ஒயர்ச் சுருள் எல்லாம் இந்த வகை. மண்வெட்டி, களைக்கொத்து, அலக்கு, மிளகு பறிக்கும் ஏணி செட்டில் இருக்கட்டும். ஏணியை மட்டும் படுக்கவைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். வெளியே சாத்தி வைத்த ஏணி உங்கள் வீட்டு ஜன்னலுக்கே படியாகும்.

காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பரைத் தூக்க முடியாது, ஆனால் அதன் மோட்டாரை நாலு போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். பருவம் முடிந்ததும் மோட்டாரைக் கழற்றி வீட்டில் வையுங்கள். பெட்ரோல் மிஷினை வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது எரிந்து தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் தேங்கினால் கார்புரேட்டர் கெடும். எனக்கு வருமானம்தான், உங்களுக்குத்தான் நட்டம்.

இன்னொன்று. செட்டில் அரிசி, உப்பு, வாழைத்தார் வைக்காதீர்கள். பாச்சலூர், தாண்டிக்குடிப் பக்கம் யானை வருகிற இடம். அது கொண்டியைப் பார்ப்பதில்லை, சுவரையே தள்ளும். உர மூட்டையையும் இரும்புச் சாமான் பக்கத்தில் அடுக்காதீர்கள். பொட்டாஷ் ஈரம் பட்டால் பூட்டு உட்பட எல்லாவற்றையும் அரிக்கும்.

சாவி எங்க வைக்கிறது? ஆளுங்க காலையில ஏழு மணிக்கே வந்துடுறாங்க.

நிலைக்கு மேல், பூந்தொட்டிக்கு அடியில், வாசல் கல்லுக்கு இடுக்கில் வைக்கிற சாவி ஊருக்கே தெரிந்த சாவி. அதைவிட இரண்டு அறை நல்லது. அன்றாடச் சாமான் ஒரு அறையில், அதன் சாவி மேஸ்திரியிடம். மிஷின் இருக்கும் அறையின் சாவி உங்களிடம் மட்டும். வேலையை விட்டு ஒருவர் போனால் பூட்டை மாற்றுங்கள். அவரைத் திருடன் என்று சொல்வதாக ஆகாது. பின்னால் ஏதாவது காணாமல் போனால் அவர் பேர் அடிபடாமல் இருக்கவும் அதுதான் வழி.

பேர் அடிச்சு வச்சா மட்டும் களவாணி விட்டுடுவானா?

எடுப்பதைத் தடுக்காது, விற்பதைத் தடுக்கும். என்னிடம் விற்கக் கொண்டுவருகிறவன் முதலில் சொல்வது "மாமா வாங்கிக் கொடுத்தது, பில் இல்ல." மிஷினில் யார் பேரும் இல்லையென்றால் நான் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். மிஷின் குழாயில் பெரிதாக 'கு.ப. பண்ணைக்காடு' என்று வெட்டியிருந்தால் அவனால் எந்தப் பட்டறைக்குள்ளும் தைரியமாக நுழைய முடியாது. என்னைக் கேட்டால் பூட்டுக்குச் செலவழிப்பதில் பாதியை இதற்குச் செலவழிக்கலாம்.

இரண்டு இடத்தில் அடையாளம் வையுங்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், இன்னொன்று உங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில். தெரிகிறதை அவன் உரசி எடுத்தாலும் மறைவானது நிற்கும். என்ஜின் உடம்பில் எழுத்துப் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடிக்காதீர்கள், அலுமினிய வார்ப்பு விரிசல் விட்டுவிடும். அதற்கு மின்சாரப் பேனா மாதிரி செதுக்கும் கருவி இருக்கிறது. மண்வெட்டி, அரிவாள் பிடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைக்கலாம். ஓடையிலிருந்து இழுத்துவரும் கறுப்பு ஹோஸுக்கு இருபது அடிக்கு ஒரு தடவை உங்கள் தோட்டத்துக்கென்று ஒரு நிறத்தில் பட்டை அடியுங்கள். ஆதார் எண்ணை எதிலும் வெட்ட வேண்டாம்.

பில் எங்கயோ போச்சு. மிஷின் என்னோடதுன்னு எப்படிக் காட்டுறது?

இன்றைக்கே மிஷினைத் துடைத்து, என்ஜின் நம்பரைப் போட்டோ எடுங்கள். நம்பர் ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் பெட்ரோல் பட்டு அழியும், அதனால் ஒரு நோட்டிலும் எழுதுங்கள். மிஷினோடு நீங்கள் நிற்கிற படம், ஒட்டுப்போட்ட இடம், வளைந்த கைப்பிடி எல்லாம் உதவும். வாங்கிய கடையில் கேட்டால் ஜி.எஸ்.டி. பில்லின் நகல் கிடைக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் வாங்கியிருந்தால் உங்கள் விண்ணப்பத்திலேயே விவரம் இருக்கும். என்னிடம் ரிப்பேருக்கு வந்தால் ரசீதில் நம்பரை எழுதித்தான் தருகிறேன். மற்ற பட்டறையிலும் கேட்டு வாங்குங்கள்.

நான் வத்தலக்குண்டுல இருக்கேன். வாரத்துக்கு ஒரு தடவைதான் மேல வர்றேன். என்ன செய்ய?

ஆள் இல்லாத தோட்டத்தில் எந்தப் பூட்டுக்கும் ஒரு ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. அதனால் முன்னே சொன்ன 'ஒரு கையில் தூக்கக்கூடிய' சாமானை அங்கே விடாதீர்கள். ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோங்கள், அல்லது குடியிருக்கிற பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டில் வையுங்கள். நாலு சின்னத் தோட்டக்காரர்கள் சேர்ந்து, ஆள் தங்கியிருக்கிற ஒரே இடத்தில் சாமான் வைத்து, காவலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பது எனக்குத் தெரிந்து நன்றாக நடக்கிறது.

வருகிற நாளை மாற்றி மாற்றி வையுங்கள். "முதலாளி ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்" என்பது டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கேமரா மாட்டிட்டா போதுமா?

மூடுபனியில் ராத்திரி கேமரா வெறும் வெள்ளையைத்தான் காட்டும். அது வீசும் அகச்சிவப்பு வெளிச்சம் பனித்துளியில் பட்டு அதன் கண்ணுக்கே திரும்பி வரும். வெளியே மாட்டினால் காட்டுமாடு நடந்தாலும் போனில் மணி அடிக்கும், மூன்றாம் நாள் நீங்களே அறிவிப்பை அணைத்துவிடுவீர்கள். செட்டுக்குள்ளே, கதவைப் பார்த்து மாட்டுங்கள். உள்ளே பனியும் இல்லை, மாடும் இல்லை, நுழைகிறவன் முகம் நேராக விழும்.

சிம் போட்ட கேமரா வாங்கும் முன் அதே இடத்தில் உங்கள் போனில் வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாத இடத்தில் கதவு திறந்ததும் அலறுகிற சாதாரண அலாரமே மேல். சூரியத் தகடு வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அடைமழையில் நாலு நாள் வெயில் வராது, களவாணி வரலாம்.

கதவுத் தகரத்துல கரண்ட் கொடுத்து வச்சுட்டா என்ன?

செய்யவே கூடாது. அதில் முதலில் கை வைக்கப்போவது காலையில் வேலைக்கு வருகிற அம்மாவோ, மழைக்கு ஒதுங்குகிற பிள்ளையோதான். யாராவது செத்தால் உங்கள் மேல் விழுவது உயிரைப் போக்கிய வழக்கு. காட்டு விலங்கு செத்தால் வனத்துறை வழக்கு தனி. கரண்டைத் திருட்டுத்தனமாக இழுத்திருந்தால் அதற்கும் தனி. எண்ணூறு ரூபாய் ஸ்பிரேயர் தலைக்கு இவ்வளவு தேவையா?

ஒருத்தனக் கையும் களவுமாப் பிடிச்சுட்டோம். கட்டி வைக்கலாமா?

பிடித்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது, அடிக்க இடம் தரவில்லை. கைது, புகார், விசாரணை முறையைச் சொல்லும் புதிய சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆவது பிரிவுப்படி, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றத்தை உங்கள் கண் முன்னே செய்கிறவனைப் பிடிக்கலாம். தாமதமில்லாமல், 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். 112-க்கு உடனே போன் செய்யுங்கள். மரத்தில் கட்டி வீடியோ எடுத்துப் போட்டவர்கள் கடைசியில் தாங்களே குற்றம் சாட்டப்பட்டவர்களாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள்.

வேலைக்கு வர்றவங்க மேல சந்தேகமா இருக்கு. எப்படிக் கேட்கிறது?

கேட்காதீர்கள், எண்ணுங்கள். சுவரில் ஒவ்வொரு சாமானுக்கும் ஆணி அடித்து, அதைச் சுற்றிப் பெயின்டால் உருவம் வரையுங்கள். சாயங்காலம் எந்த உருவம் காலியாக இருக்கிறதோ அது வரவில்லை. யாரையும் பார்க்க வேண்டியதில்லை, சுவரைப் பார்த்தால் போதும். காணாமல் போனதில் பாதி, காப்பிச் செடிக்கு அடியில் மறந்துவிட்டதாகத்தான் இருக்கும்.

சாமான் காணவில்லை என்றதும் புதிதாக வந்த வெளியூர்ப் பையனையோ, பளியர் பழங்குடி மக்களின் குடியிருப்பையோ கை காட்டுவது நம் பக்கம் சுலபமாக நடக்கிறது. என் பட்டறையில் பிடிபட்ட ஒரு திருட்டு மிஷினைக் கொண்டுவந்தவன் பைக் வைத்திருந்தான், நல்ல சட்டை போட்டிருந்தான், தொலைத்தவருக்குச் சொந்தக்காரன். அதற்குள் இரண்டு கூலி ஆட்களை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள்.

களவு போயிடுச்சு. முதல்ல என்ன செய்ய?

உள்ளே போய்க் கிளறாதீர்கள். கொண்டி, கதவு, தகரம், காலடித் தடம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். பிறகு நோட்டை எடுத்து, போனது என்ன, நம்பர் என்ன, அடையாளம் எங்கே என்று எழுதி ஸ்டேஷனுக்குப் போங்கள். உங்கள் எல்லை எந்த ஸ்டேஷன் என்று குழப்பமிருந்தால் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், அவர்கள் மாற்றி அனுப்ப வேண்டும். இணையம் வழியாகப் புகார் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அதே நாளில் சுற்றுவட்டப் பட்டறைகளுக்கும் பழைய இரும்புக் கடைகளுக்கும் படத்தை அனுப்பிவிடுங்கள். கீழே மலையடிவாரத்தில் இருக்கிற கடைகளையும் விடாதீர்கள்.

ஸ்டேஷன்ல ஒரு ரசீது கொடுத்தாங்க. அது போதாதா?

அது சி.எஸ்.ஆர்., அதாவது மனு வாங்கியதற்கான ரசீது. எஃப்.ஐ.ஆர்., அதாவது வழக்குப் பதிவு, வேறு. எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். போட மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதித் தபாலில் அனுப்பலாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்த, குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் நியாய சன்ஹிதா சட்டத்தில், 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டில் போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது. வயலில் போட்டுவிட்டு வந்த மண்வெட்டி போனால் அந்தக் கணக்கில் போய்விடும். ஆனால் சாமான் வைக்கிற கட்டடத்துக்குள் திருடினால் அது 305-ஆவது பிரிவு, 7 ஆண்டு வரை தண்டனை, அங்கே மதிப்புக் கணக்கு இல்லை. அதனால் புகாரில் "பூட்டியிருந்த சாமான் அறையின் கொண்டியை உடைத்து" என்று நடந்ததைத் தெளிவாக எழுதுங்கள். "தோட்டத்தில் இருந்த சாமான் காணவில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள்.

செட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கே, பணம் வந்துடுமில்ல?

என்ன பாலிசி என்று பாருங்கள். தீ, புயல், வெள்ளத்துக்கு எடுத்த பாலிசி வெறும் திருட்டுக்குத் தராது. களவுக்கென்று எடுத்த பாலிசியில் பொதுவாக உடைத்து நுழைந்த தடயம் கேட்பார்கள். அதற்காகத்தான் கொண்டியைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். பூந்தொட்டிச் சாவியில் திறந்து எடுத்திருந்தால் தடயம் எங்கே இருக்கும்? ஜீப்புக்குள் வைத்த சாமானுக்கு ஜீப் இன்சூரன்ஸ் தராது, அது வண்டிக்கு மட்டும்.

பாதி விலைக்கு ஒரு மிஷின் வருது. வாங்கிடவா?

திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது அதே நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் குற்றம், 3 ஆண்டு வரை. பில் இல்லை, நம்பரை உரசியிருக்கிறது, விலை பாதி என்றால் "எனக்குத் தெரியாது" என்பது எடுபடாது. நிஜமாகவே தெரியாமல் வாங்கியிருந்தாலும் மிஷின் சொந்தக்காரருக்குத்தான் போகும், உங்கள் பணம் போனது போனதுதான். விற்கிறவரின் அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் கேளுங்கள். நல்லவர் தருவார், மற்றவர் "நாளைக்கு வர்றேன்" என்பார்.

என் மிஷின இன்னொருத்தன் தோள்ல பார்த்துட்டேன். பிடுங்கிடலாமா?

வேண்டாம், சண்டை உங்கள் மேல் திரும்பும். தூரத்தில் இருந்து படம் எடுத்து, எஃப்.ஐ.ஆர். நகலோடு போலீசைக் கூட்டிப் போங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த அந்த மறைவான அடையாளம் இப்போதுதான் வேலை செய்யும். போலீஸ் எடுத்த மிஷின் கோர்ட்டுக்குப் போகும். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல், மனு போட்டு இடைக்காலமாக வாங்கிக்கொள்ளலாம். விற்கக் கூடாது, கூப்பிட்டால் கொண்டுவந்து காட்ட வேண்டும். சீக்கிரம் போடுங்கள், ஸ்டேஷன் பின்பக்கம் மழையில் கிடந்த மிஷின் ஒன்றை நான் உயிர்ப்பிக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

வாடகைக்கு எடுத்த மிஷின் என் செட்டுல இருந்து போயிடுச்சு. முழு விலையும் கேட்கிறாங்க, கொடுக்கணுமா?

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. விவரமான ஒரு ஆள் தன் சொந்தச் சாமானை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ, அந்த அளவு கவனம் காட்டியிருந்தால் களவுக்கு நீங்கள் பொறுப்பில்லை. வாடகைச் சீட்டில் "எது நடந்தாலும் எடுத்தவர் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் கதை மாறும். சீட்டின் பின்பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நானும் மிஷின் வாடகைக்கு விடுகிறவன்தான். என் சீட்டில் அந்த வரி இருக்கிறது.